தலைமுறைகளைப் பிணிக்கும் திருமுறை

(திருக்குட நன்னீராட்டு விழாவின் மூன்றாம் நாள் மாலை ஆற்றிய சொற்பொழிவு)



கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு முதலான எட்டுப் பொருள்களை இடித்துக் குழைத்து, எம்பெருமான் திருமேனியைப் பீடத்தோடு பொருத்தி அட்டபந்தனம் சாத்தியதை இன்று காலை நீவிர் கண்ணாரக் கண்டீர்கள். அந்த மருந்தும் காலத்தால் நெகிழும். ஆதலின் பன்னீராண்டுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும் என்று முன்னோர் வகுத்தனர். கல்லைப் பிணிக்க எண்பொருள் மருந்து உண்டு; ஒரு தலைமுறையை அடுத்த தலைமுறையோடு பிணிக்கும் மருந்து யாது? திருமுறையை நெஞ்சில் பதித்து, முதியோரும் சிறாரும் ஒருங்கிருந்து ஓதுவதே அம்மருந்து என்பது அடியேன் துணிபு.

சமய வரலாற்றைச் சற்றே நோக்குங்கள். சீகாழிப் பிள்ளையார் மூன்று வயதில் பாடத் தொடங்கினார். திருநாவுக்கரசரோ சூலைநோயுற்று, அல்லற்பட்டு, முதுமை எய்தியும் உழவாரம் ஏந்தியவர். அப்பெரியவரை அக்குழந்தை ‘அப்பர்’ என்று அழைத்தது. திருமறைக்காட்டில் மூடிக் கிடந்த கதவு முதியவர் பாடத் திறந்தது. இளையவர் பாட அடைத்தது. திருப்பூந்துருத்தியிலோ, பிள்ளையார் அறியாவண்ணம் அவரது சிவிகையைத் தாங்குவாருள் ஒருவராக அப்பர் நின்றார். முதுமையும் இளமையும் ஒன்றையொன்று தாங்கியே தமிழ் வளர்ந்தது என்பதைச் சேக்கிழார் பெருமான் நமக்குக் காட்டுகின்றார்.

இனி, தில்லையில் ஏடுகளைக் கறையான் அரித்த செய்தியை நீவிர் அறிவீர்கள். நம்பியாண்டார் நம்பிகள் எஞ்சியவற்றைத் தொகுத்தார். சொற்களை ஏடு தந்தது. பண்ணை ஏடு தரவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணின் வாயிலாகவே பண்முறை வகுக்கப்பட்டது என்று திருமுறைகண்ட புராணம் கூறும். ஏட்டில் இல்லாதது ஒரு பெண்ணின் மிடற்றில் வாழ்ந்திருந்தது! தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராச சோழன் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரை நியமித்து, நெல் அளக்க நிவந்தம் வைத்தான். அதனைக் கல்லிலும் பொறித்தான். கல்லினால் வந்த நன்மையும் உண்டு. ஏடுகளில் இடம்பெறாத திருவிடைவாய்ப் பதிகம் 1917 ஆம் ஆண்டில் அவ்வூர்த் திருக்கோயிற் கல்வெட்டிலிருந்தே கிடைத்தது. எனினும், கல் காக்குமேயன்றிப் பாடாது. பாடுதற்கு மனிதர் வேண்டும்.

இவ்விடத்து அடியேன் செய்த பிழை ஒன்றைச் சொல்லாமல் இருத்தல் முறையன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன், காவிரிக்கரைக் கோயில் ஒன்றில் மூதாட்டி ஒருவர் மாலைதோறும் பதிகம் பாடுவார். எழுத்தறியாதவர், பூத்தொடுக்கும் தம் தந்தையார் சொல்லக் கேட்டுக் கற்றவர். ஒருநாள் அவர் பாடிய ஒரு சொல் அச்சுப் புத்தகத்தினின்றும் வேறுபட்டது. திருமடத்திற் பயின்றவன் என்னும் செருக்கினால், அடியார் பலர் முன்னிலையில் அவரைத் திருத்தினேன். அவ்வம்மையார் முன்றானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதன்பின் அவர் வலம் வருவார், வாய் திறவார்.

சில ஆண்டுகள் கழித்துப் பழைய பதிப்பொன்றைப் புரட்டுங்கால், அவர் பாடிய சொல் பாடபேதமாக அடிக்குறிப்பில் இருக்கக் கண்டேன். நெஞ்சு துணுக்குற்றது. ஓடிச்சென்று அவர் இல்லம் வினவினேன். அவர் சிவனடி சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. வாயிலில் நின்ற பேத்தியை நோக்கி, “பாட்டி உனக்கு ஏதேனும் சொல்லித் தந்தாரா, அம்மா?” என்று கேட்டேன். “அந்த நாளுக்கு அப்புறம் எங்களுக்கும் சொல்லித் தரவில்லை, ஐயா” என்றாள் அக்குழந்தை. கறையான் செய்ததை அடியேன் ஒரு சொல்லால் செய்துவிட்டேன்.

ஆதலின் இப்பேரவையில் ஒரு விண்ணப்பம். திங்கட்கிழமைதோறும் மாலையில், இத்திருக்கோயில் மண்டபத்தில் ஒரு விளக்கைச் சுற்றி, முதியவர் ஒருவரும் சிறார் இருவரும் அமர்க. வாரத்திற்கு ஒரு பாடல் போதும். குழந்தை புத்தகம் பார்த்து வாசிக்கட்டும். எழுத்தறியாப் பாட்டியார் செவியால் கேட்டு ஓசையைச் செப்பம் செய்யட்டும். குழந்தைக்கு நினைவு விரைந்து பற்றும், பொருள் விளங்காது. முதியோர்க்கு நேற்றையது மறக்கும், வாழ்ந்து கண்ட பொருள் மறவாது. ஒருவர் தடுமாறும் அடியை மற்றவர் எடுத்துக்கொடுக்க வேண்டும். போட்டி வேண்டா; பரிசும் வேண்டா. பரிசுக்காகக் கற்றது பரிசு பெற்ற மறுநாளே மறந்துபோம். பிழை கண்டால் காதோடு சொல்லுங்கள், அவையறியச் சொல்லாதீர்கள்.

இந்நாளில் கைப்பேசியைத் தொட்டால் எப்பதிகமும் ஒலிக்கின்றது, நன்றே. ஆயினும் குழந்தை திணறும் இடமறிந்து அது நிற்பதில்லை. தான் மறந்ததைக் குழந்தையிடம் கேட்டு மகிழ்வதுமில்லை.

வாரம் ஒரு பாடலாயினும், அடுத்த திருக்குட நன்னீராட்டு வருவதற்குள் அறுநூறு பாடல்களுக்கு மேல், அஃதாவது ஐம்பதுக்கும் மேற்பட்ட பதிகங்கள், இவ்வூர்ச் சிறார் நெஞ்சில் குடிகொள்ளும். பொருள் வழங்கிய புண்ணியசீலர்களே! உங்கள் பெயரைக் கல்லில் பொறித்துள்ளார்கள். அதனினும் உயர்ந்த கொடை ஒன்று உண்டு. வருகின்ற திங்களன்று உங்கள் பேரப்பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். வீட்டில் தனித்திருக்கும் அன்னையாரையும் உடன் அழைத்து வாருங்கள். அடியேனும் வந்திருப்பேன், திருத்துதற்கன்று, கேட்டற்கு.

திருச்சிற்றம்பலம்.