தோலும் சோறும் கல்லும்
(வெள்ளி விழா அவையில் ஆற்றிய உரை)



வீட்டிலேயே கையால் கிதார் செய்ய இயலுமா என்று நம் இளைஞர் ஒருவர் சென்ற வாரம் நம்மை வினவினார். இயலும் என்றோம். ஆயினும் அவரிடம் கூற வேறொன்று இருந்தது. அதனை இம்மேடையில் கூறுகிறோம். கிதாருக்கு முகம் மெல்லிய மரப்பலகை. மிருதங்கத்திற்கு முகம் தோல். அத்தோலைப் பதமறிந்து வாத்தியமாக்கியவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்; அவர்களுள் கிறித்தவ நெறியினர் மிகப் பலர்.

நம் திருவக்கரையில் மரம் கல்லாகிக் கிடப்பதைக் காண வெளியூரார் வருகின்றனர். தெற்கே பண்ணுருட்டிப் பலாமரமோ குடையப்பெற்று மிருதங்கக் கட்டையாகிறது. அக்கட்டைக்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் முகமாகின்றன. இழுத்துக் கட்டும் வார் எருமைத்தோல். வலந்தலையின் நடுவே உள்ள கரிய வட்டத்தைக் கண்டிருப்பீர்கள். கிட்டக்கல்லைப் பொடித்து, சோற்றுடன் பிசைந்து, சிறுகச் சிறுக இட்டு, ஒவ்வொரு பூச்சையும் கல்லால் தேய்த்துத் தேய்த்து ஆக்குவது அது. தொழிலாளர் அதனைச் 'சோறு' என்றே அழைப்பர். இடந்தலைக்கோ வாசிக்கும் வேளையில் ரவைப் பசையே போதும்.

இச்சோறு எதற்கு? வெறுந்தோலை அடித்தால் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையா, இரைச்சலே மிஞ்சும். நடுவில் பாரம் ஏற்றினால் அவை முறையான விகிதத்தில் அமைந்து நாதமாகும். சர் சி. வி. இராமன் இதனை 1920-இல் சிவகாளி குமாருடன் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். 1934-இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார். அறிவியல் சொன்னதை அதற்கு முன்பே நம்மவர் செவி அறிந்திருந்தது!

பாலக்காடு மணி ஐயர் 1966-இல் 'சங்கீத கலாநிதி' விருது பெற்றார். அவருக்கு மிருதங்கம் செய்து, அவரோடு அமர்ந்து நாதத்தை ஆராய்ந்தவர் தஞ்சைச் செவித்தியான் குடும்பத்துப் பர்லாந்து. அன்று கைதட்டிய அவையில் பர்லாந்தை அறிந்தோர் எத்தனை பேர்? டி. எம். கிருஷ்ணா இவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்னும் நூலை 2020-இல் ஆங்கிலத்தில் எழுதினார். வெளியீட்டுக்கு முதலில் இசைந்த அரங்கம் பின்னர் அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா வேறிடத்தில் நடந்தது. மாட்டுத்தோல் பூசையறை வரை செல்கிறது. அதனைப் பேசும் நூலுக்கு இடமில்லை!

பிள்ளைகள் இத்தொழிலையே செய்ய வேண்டும் என்று நாம் கூறவில்லை. பிறப்பினால் எவரும் தோலுக்குக் கடமைப்பட்டவர் அல்லர். ஆனால் ஒன்று நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் மகனை நம் பள்ளியில் சேர்க்க வந்தார். தொழில் யாது என்றோம். விரல் நுனிகளில் கருமை படிந்திருந்தது. 'கூலி என்று எழுதிக்கொள்ளுங்கள் ஐயா' என்றார். நாமும் அவ்வாறே எழுதினோம். மிருதங்கம் செய்பவர் என்று பின்னரே அறிந்தோம். அன்று இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம்.

அம்மாணவன் பத்தாம் வகுப்பில் ஒலியியல் பாடம் நடந்தபோது தானே எழுந்து வலந்தலையைப் பற்றிச் சொன்னான். மறுநாள் ஒரு துண்டு கிட்டக்கல் கொண்டுவந்தான். அது நம் ஆய்வகத்தில், இசைக்கவைகளுக்கு அருகில் இருக்கிறது. அதன் சீட்டில் அவன் தந்தையின் பெயரையும் தொழிலையும் அவனே எழுதியுள்ளான்.