பேரன் வளரும்வரை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஏறத்தாழ 3,500 ஆண்டுகட்கு முன் எகிப்து நாட்டை ஹாட்செப்சுட் என்னும் அரசி ஆண்டார். கணவன் மறைந்தபின், சிறுவனாயிருந்த மாற்றாள் மகனுக்காகப் பொறுப்பேற்றவர், பின்னர்த் தாமே முடிசூடிக்கொண்டார். குன்றின் அடியில் மூன்று அடுக்குகளாக அவர் எழுப்பிய கோயிலும், கர்னாக்கில் நிறுத்திய ஏறக்குறைய 97 அடி உயர ஒற்றைக் கல் தூணும் இன்றும் உள்ளன. ஆயினும், அவர் மறைந்து பல்லாண்டு கழிந்தபின், அம்மகனுடைய ஆட்சியிலேயே அவர் பெயர் உளிகொண்டு சிதைக்கப்பட்டது.

நம் தமிழகத்திலும் இவருக்கு ஒப்பானவர் ஒருவர் உண்டு. அவரே இராணி மங்கம்மாள். 1682-இல் கணவர் சொக்கநாத நாயக்கரை இழந்தார். 1689-இல் மகன் அரங்க கிருஷ்ண முத்துவீரப்பரைப் பெரியம்மை கொண்டுபோயிற்று. தந்தை இறந்தபின் பிறந்த பேரன் விசயரங்க சொக்கநாதன் கைக்குழந்தை. அக்குழந்தையின் பெயரால் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அவர் நாட்டைக் காத்தார். மொகலாயர் வலிமையை அளந்தறிந்து திறை செலுத்திப் போர் தவிர்த்தார். திருவிதாங்கூர் திறை மறுத்தபோது தளவாய் நரசப்பையாவை ஏவி வென்றார்.

அவர் பெயரை நிலைநிறுத்தியவை வெற்றித் தூண்கள் அல்ல, சாலைகளும் சத்திரங்களுமே. தென்பாண்டி நாட்டில் மங்கம்மாள் சாலை என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. மதுரை இரயில் நிலையத்தை விட்டு வெளியே வருவோர்க்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் உள்ளது. இறுதியில், பேரனுக்குரிய ஆட்சியை விட மறுத்தார் எனக் குற்றஞ்சாட்டிச் சிறையிலிட்டனர் என்றும், அங்கே பட்டினியால் மாண்டார் என்றும் செவிவழிச் செய்தி கூறும். ஊர் ஊராக அன்னமிட்டவர்க்கு நேர்ந்த முடிவாக மக்கள் சொல்லிவருவது இது!

அன்பர்களே, இக்கதை நமக்கு அயலானதன்று. 2001-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது, இங்கே எத்தனையோ இல்லங்களில் அடுப்பையும் கடனையும் பிள்ளைகளின் படிப்பையும் ஒருங்கே தாங்கியவர்கள் தாய்மார்களே. விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு இரயிலேறும் கூட்டத்தில் நம் பெண்மக்களும் உளர். இடரில் அவர்களிடம் பொறுப்பைத் தருகிறோம். இடர் தீர்ந்ததும், "பையன் வளர்ந்துவிட்டான், இனி நீ ஒதுங்கு" என்கிறோம். உளியெடுத்துப் பெயரை அழித்தல் என்பது இதுவன்றி வேறென்ன?

வீட்டின் வரவு செலவிலும், சங்கத்தின் நிருவாகத்திலும், சொத்துப் பத்திரத்திலும் அவர்கள் பெயர் இடம்பெறட்டும். மங்கம்மாளுக்கு நாம் செய்யத்தக்க சிறப்பு அதுவே.