ஊரறிந்தோர் அமைக்கும் விளையாட்டு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



2016ஆம் ஆண்டில் ‘போக்கிமோன் கோ’ என்னும் கைத்தொலைபேசி விளையாட்டு உலகெங்கும் பரவிற்று. ஆடுபவர் நிற்கும் இடத்தைச் செய்மதி வழியாக அறிந்து, அவர் கண்முன்னே கற்பனைப் பிராணியொன்று நிற்பதுபோல் திரை காட்டும். அதே ஆண்டில் குஜராத் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு எழுந்தது. வழிபாட்டுத் தலங்களில் இவ்விளையாட்டு முட்டைகளைத் தருகிறது, அதனால் அடியார் மனம் புண்படுகிறது என்பது முறையீடு. முட்டை வெறும் படந்தான். ஆயினும் எந்த இடத்தில் எதை வைப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர் யார்? ஊரையறியாத தூரத்து நிறுவனத்தாரா, ஊரிலே வாழும் நாமா?

கணினி நிரல் எழுத அறியாத நாம் என்ன செய்வோம் என்று சிலர் கேட்கலாம். அத்தடையை நீக்கவே சில கருவிகள் தோன்றின. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2008இல் ‘ஏரிஸ்’ என்பதைத் தொடங்கினர். எம்.ஐ.டி. நிறுவனத்தார் ‘டேல்பிளேசர்’ என்பதை அமைத்தனர். இதிலே ஊரின் வரைபடத்தைத் திரையில் விரித்து, வேண்டிய இடங்களிற் பாத்திரங்களை வைக்கலாம். ‘இங்கு வந்தால் இது பேசுக’ என்பன போன்ற கட்டளைகளை, பிள்ளைகள் கட்டை அடுக்குவதுபோல் பொருத்தினாற் போதும். ஏரிஸ் கொண்டு அமைந்த ‘டௌ டே’ என்னும் விளையாட்டு, 1967இல் வியட்நாம் போர்க்காலத்தில் விஸ்கான்சின் மாணவர் நடத்திய கிளர்ச்சியை, அது நிகழ்ந்த இடத்திலேயே நடந்து அறியச் செய்தது.

நமது வாவிக்கரையிற் கதைக்குப் பஞ்சமுண்டோ? 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை இருக்கிறது. பாடும் மீனுக்குப் பெயர்பெற்ற கல்லடிப் பாலம் இருக்கிறது. கல்லடி உப்போடையில் விபுலானந்த அடிகளாரின் சமாதி இருக்கிறது. படுவான்கரைத் தோணித்துறைகளின் பழங்கதைகளோ பெரும்பாலும் பெரியோர் நினைவிலேயே இருக்கின்றன. அவர்கள் சொல்வதை அவர்கள் குரலிலேயே பதிந்து, அந்தந்தத் துறையில் நிற்பவர் காதில் ஒலிக்கச் செய்யலாம்.

ஆயினும் மூன்று கட்டுப்பாடுகள் வேண்டும். கோயிலின் உள்வீதியில் விளையாட்டு ஆகாது. பாலத்தின் நடுவிலும் தெருவிலும் நிற்கச் செய்தல் கூடாது. செய்மதி காட்டும் இடம் சில மீற்றர் பிசகலாம் ஆதலால், நீர்விளிம்பிலிருந்து நன்கு விலகியே இடம் குறித்தல் வேண்டும்.

தோழர்களே, கருவியைப் பழக அதிக காலம் வேண்டியதில்லை. சொல்ல அறிந்த முதியோரோ ஆண்டுதோறும் குறைகின்றனர். ஆகவே வரைபடத்தை விரிக்குமுன் அவர்தம் திண்ணைக்குச் செல்வோம். பெரியோர்களே, நாங்கள் வரும்போது மனமுவந்து சொல்லுங்கள்.