இணங்காத உலோகங்களின் இணைப்பு

திருப்பூர் என்றவுடன் பனியனும் பருத்தி நூலும் நினைவுக்கு வருதல் இயல்பு. அவ்வூர்ச் சாயப்பட்டறை ஒன்றினுள் நுழைந்து பார்ப்பவர்க்கோ வேறொரு காட்சி தென்படும். ஆள் உயரத்தை விஞ்சிய உருளைகள், வளைந்தோடும் குழாய்கள், நீராவித் தடங்கள், எங்கு நோக்கினும் உலோகம். அவற்றையெல்லாம் ஒன்றாக நிற்கச் செய்வது வெல்டிங் என வழங்கும் பற்றவைப்பு. துணிக்குப் பெயர் பெற்ற ஊரைக் குறித்துப் பேச வந்த நான் உலோகத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவதன் காரணம் இதுவே.

சாயமேற்றும் கலம் நம் இல்லங்களில் எவர்சில்வர் என்று அழைக்கப்படும் துருவேறா எஃகினால் ஆனது. பாலியெஸ்டர் துணிக்குச் சாயமேற்ற நீரை 130 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குவர். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும் நீரை அவ்வெப்பத்திலும் நீராகவே நிறுத்த வேண்டுமானால், கலத்தை மூடி, வெளிக்காற்றைப் போல இரண்டரை மடங்குக்கும் மிகுந்த அழுத்தத்தில் வைத்தாக வேண்டும். அக்கலத்தின் பக்கத்திலேதான் தொழிலாளர் நின்று வேலை செய்கின்றனர். கலம் எவர்சில்வர்; அதன் கால்களும் தாங்குசட்டமும் நீராவி கொணரும் குழாயும் பெரும்பாலும் விலை குறைந்த சாதாரண எஃகு. எங்கேனும் ஓரிடத்தில் இவ்விரண்டும் சந்தித்தே தீர வேண்டும்.

இவை இரண்டும் எஃகு என்னும் ஒரே பெயரைத் தாங்கினும் குணத்தால் வேறானவை. ஒரு மீட்டர் நீளமுள்ள எவர்சில்வர்க் கம்பியை 100 டிகிரி சூடாக்கினால் ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டர் நீளும். சாதாரண எஃகு 1.2 மில்லிமீட்டர்தான் நீளும். ஒட்டிப் பிறந்தவை போல இணைத்துவிட்ட பின் ஒன்று நீள, மற்றொன்று தடுக்க, ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் இணைப்பு இழுபடுகிறது. அதனினும் நுட்பமானது உருகிய குழம்பில் நிகழும் கலப்பு. சாதாரண எஃகு உருகி அதில் கலந்து குரோமியத்தையும் நிக்கலையும் நீர்க்கச் செய்கிறது. அவ்வளவு தாழ்ந்துவிட்டால், ஆறிய பின் அவ்விடம் கண்ணாடி போல நொறுங்கும் கடினத் தன்மையை அடையும். இதனால்தான் இவ்விணைப்புக்கு 309 என்னும் எண் கொண்ட நிரப்புக் கம்பியைத் தெரிந்தெடுக்கின்றனர். அதில் குரோமியம் நூற்றுக்கு 23 அளவும் நிக்கல் 13 அளவும் உண்டு. நீர்த்துப் போவதற்கென்றே சற்று மிகுதியாக வைக்கப்பட்ட செல்வம் எனலாம். எவ்வளவு கலந்தால் எவ்வகை உள்ளமைப்பு உண்டாகும் என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்றை 1949-ஆம் ஆண்டில் ஷேஃப்லர் என்பார் வெளியிட்டார். கடலோடிக்குத் திசைகாட்டி போல, பற்றவைப்புப் பொறியாளருக்கு அது இன்றும் உதவுகிறது.

ஆயினும் வரைபடம் சான்றாகாது. செய்து பார்த்து, வெட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்த பின்னரே ஒரு முறையை ஏற்பது என்பது தொழில் நெறி. 1905-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிராக்டன் நகரக் காலணித் தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். அத்தகைய துயரங்களின் விளைவாக அந்நாட்டு இயந்திரப் பொறியாளர் சங்கம் தொகுத்த விதிகளின் ஒன்பதாம் பகுதி, இன்று உலகெங்கும் பற்றவைப்புத் தேர்வுக்கு அடிப்படையாக விளங்குகிறது. நம் நாட்டில் கொதிகலன்களுக்கு 1950-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் வகுக்கப்பட்டன.

தேர்வு நடைபெறும் விதம் எளிது. எந்த உலோகம், எந்தக் கம்பி, எவ்வளவு மின்னோட்டம், எவ்வளவு முன்சூடு என்பவற்றை முதலில் எழுதி வைப்பர். அதன்படியே ஒரு மாதிரித் தகட்டைப் பற்றவைப்பர். அதிலிருந்து இரு துண்டுகளை இழுத்து அறுப்பர். நான்கு துண்டுகளை 180 டிகிரி வளைப்பர். வளைந்த புறத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வெடிப்புத் தோன்றலாகாது. கண்ட அளவுகளையெல்லாம் பதிந்து கையொப்பமிட்டால் அம்முறை தேறியதாகும். 10 மில்லிமீட்டர் தகட்டில் தேறிய முறை 1.5 முதல் 20 மில்லிமீட்டர் வரையில் செல்லும். முன்சூட்டை 55 டிகிரிக்கு மேல் குறைத்தாலோ மீண்டும் தேர்வு. இங்கே தேறுவது முறையேயன்றி மனிதர் அல்லர் என்பதை மாணவர் கருத்தில் கொள்ள வேண்டும். வெல்டருடைய கைத்திறனுக்குத் தனித் தேர்வு உண்டு.

வேற்று உலோகங்களை இணைக்கும்போது வரும் விதிதான் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. உலோகங்களை இவ்விதிகள் எண்ணிட்ட குலங்களாகப் பிரிக்கின்றன. சாதாரண எஃகு 1-ஆம் குலம். எவர்சில்வர் 8-ஆம் குலம். டைட்டானியம் 51-இல் தொடங்குகிறது. ஒன்றாம் குலத்தைத் தன்னோடு இணைக்கத் தேறியிருக்கலாம். எட்டாம் குலத்தையும் தன்னோடு இணைக்கத் தேறியிருக்கலாம். ஒன்றையும் எட்டையும் இணைக்க இவ்விரு சான்றுகளும் போதா. மூன்றாவது தேர்வு வேண்டும். நல்ல மாமியாரும் நல்ல மருமகளும் சேர்ந்தால் வீடு தானாகவே அமைதியாய் இருக்கும் என்று எவரும் முன்கூட்டி எழுதிக் கொடுப்பதில்லை அல்லவா? எக்குலத்திலும் சேராத அரிய உலோகமாயின் அதற்குக் கிட்டும் சான்று அந்த ஓர் உலோகத்துக்கு மட்டுமே உரியது.

வளைவுச் சோதனையிலும் ஒரு சிக்கல் எழும். ஒரு பக்கம் மென்மையாகவும் மறுபக்கம் உறுதியாகவும் இருப்பின், துண்டு முழுவதும் மென்மையான பக்கத்திலேயே வளைந்துகொள்ளும். உறுதியான பக்கம் சோதனைக்கே உட்படாமல் தப்பிவிடும். ஆகவே இணைப்பின் நீளவாட்டில் துண்டை வெட்டி வளைக்க விதி இடந்தருகிறது. அப்போது இரு உலோகமும் இடையிலுள்ள இணைப்பும் ஒருங்கே வளைந்தாக வேண்டும்.

டைட்டானியத்தின் செய்தி வேறு. அதை எஃகோடு உருக்கி நேரே இணைக்க முயன்றால் நொறுங்கும் கூட்டுப்பொருளே கிட்டும். வெடிவிசையால் ஒட்டுதல் போன்ற வழிகளையே நாட வேண்டும். தன்னோடு தன்னை இணைக்கும்போதும் ஆர்கான் வாயுவின் காவல் முன்னும் பின்னும் வேண்டும். காவல் நன்றாயின் இணைப்பு வெள்ளி போல ஒளிரும். காற்றுப் புகுந்தால் வைக்கோல் நிறமும் நீலமும் தோன்றும். வெண்பொடி படிந்தால் அது பயனற்றது. நிறத்தைக் கண்டே தீர்ப்புச் சொல்லக்கூடிய உலோகம் இது.

நம் மாநிலத்தில் இக்கலை உயர்ந்த நிலையில் பயிலப்படுகிறது. திருச்சிராப்பள்ளியில் 1965-இல் உயரழுத்தக் கொதிகலன் ஆலை எழுந்தது. 1975-இல் அங்கே பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. கல்பாக்கத்தில் ஈனுலைக்கான ஆராய்ச்சியில் எவர்சில்வரையும் குரோமிய எஃகையும் இணைக்க வேண்டி வந்தபோது, நேரே இணைக்காமல், இரண்டுக்கும் இடைப்பட்ட விரிவுடைய அலாய் 800 என்னும் கலப்பு உலோகத் துண்டை நடுவே வைத்து ஆராய்ந்தனர். சண்டையிடும் இருவரிடையே நடுவர் ஒருவரை அமர்த்துவது போன்ற ஏற்பாடு.

இனித் திருப்பூருக்கு மீள்வோம். 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், நொய்யலாற்றைக் கெடுத்த கழிவுநீரின் பொருட்டுச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளிவராதபடி நீரைச் சுத்திகரித்து, எஞ்சிய உப்புநீரை ஆவியாக்கி, உப்பைப் பிரித்தெடுக்கும் நிலையங்களோடுதான் தொழில் மீண்டும் நடக்கிறது. அந்த ஆவியாக்கிகளில் சூடான செறிந்த உப்புநீர் ஓடுகிறது. எவர்சில்வருக்கு அதனினும் கொடிய பகை வேறில்லை. இழுவையும் வளைவும் தேறிய இணைப்பும் உப்புநீரில் துளைபடலாம். முறைத்தேர்வு வலிமையை அளக்கிறதேயன்றி அரிப்பை அளப்பதில்லை என்பது இவ்விதிகளின் பெருங்குறை என நான் கருதுகிறேன். அரிப்புச் சோதனையையும் வாங்குபவரே கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. விலை ஒன்றையே பார்த்து ஆணை கொடுப்பவர் அதைக் கேட்பதில்லை.

சிறு பட்டறையிலும் செய்யத்தக்கவை சில உள. கார்பன் நூற்றுக்கு 0.03-க்கு மிகாத எவர்சில்வரைத் தெரிந்தெடுத்தால், வெப்பத்தால் இணைப்பின் ஓரம் அரிபடுவது பெரிதும் குறையும். கலத்தின் சுவரில் சாதாரண எஃகுக் காலை நேரே பற்றவைக்காமல், முதலில் எவர்சில்வர்ப் பட்டை ஒன்றைச் சுவரில் பொருத்தி, அப்பட்டையின்மேல் காலை இணைத்தால், வேற்றுலோக இணைப்பு உப்புநீர் நிறைந்த சுவரைவிட்டு விலகி நிற்கும். சாதாரண எஃகைத் தேய்த்த சாணைக்கல்லை எவர்சில்வர்மேல் வைத்தால் இரும்புத் துகள் பதிந்து துருப்புள்ளிகள் தோன்றும். ஆகையால் இரண்டுக்கும் தனித்தனிக் கல் வைத்து, எவர்சில்வருக்குரியதில் அடையாள வண்ணம் தீட்டி, அதை வேறொரு பெட்டியில் பூட்டி வைக்கும் வழக்கமும் உண்டு.