யாருடைய வரிப்பணம்?

 

கல்லூரியில் உதவித்தொகை வாங்க வரிசையில் நின்றபோது, பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்: "எங்கப்பா கட்டுற வரிப்பணம்டா இது." தலையைக் குனிந்துகொண்டேன். இன்று நானும் வருமான வரி கட்டுகிறேன். அதனால் அவனுக்குப் பதில் சொல்லும் தகுதி வந்துவிட்டது என்று கொஞ்ச காலம் நினைத்திருந்தேன். அது எவ்வளவு பெரிய தவறு!

என் அம்மா ஒரு ரூபாய்கூட வருமான வரி கட்டியதில்லை. ஆனால் சோப்பு வாங்கினார், தீப்பெட்டி வாங்கினார். கலால் வரியும் விற்பனை வரியும் அந்த விலைக்குள்ளேயே இருந்தன. ரசீதுதான் இல்லை. ஜிஎஸ்டி வந்த பிறகும் 2025 செப்டம்பர் வரை குளியல் சோப்புக்கு 18 சதவீதம். இன்னொன்று: 2019 ஆகஸ்டு முதல் ஆறு வருடம் மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், மிதிவண்டிக்கு 12 சதவீதம். சைக்கிளில் வேலைக்குப் போனவர், கார் வாங்கியவரைவிடக் கூடுதல் விகிதத்தில் கட்டினார். ஆனால் 'வரி கட்டுகிறவர்' என்ற பெயர் யாருக்கு?

இனி தர்மத்துக்கு வருவோம். அலுவலக நண்பர் ஒருவர் தன் ஊர்க் கோயில் திருப்பணிக்கு ஒரு லட்சம் கொடுத்தார். கல்வெட்டில் பெயர் வந்தது. அரசு அறிவிக்கை செய்த கோயில் என்பதால், பழைய வரிமுறையில் 80ஜி பிரிவின்படி பாதித் தொகைக்குக் கழிவு கிடைத்தது. அவர் 30 சதவீத அடுக்கில் இருக்கிறார். ஆக 15,000 ரூபாய் வரி மிச்சம். அந்த 15,000 பொதுக் கஜானாவுக்கு வரவேண்டிய பணம். அதில் எங்கள் தெருவின் சோப்புக் காசும் பங்கு கேட்கும். அந்த ஊர்த் தேரோ சேரிக்குள் வருவதில்லை.

தர்மம் கொடுப்பவர் யாருக்கு என்று தேர்ந்தெடுக்கலாம். பொதுப்பணத்தில் அது செல்லாது. 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் இதைத்தான் பிடித்தது. பொதுப்பணத்தில் கட்டிய, பராமரிக்கிற குளம், கிணறு, பள்ளி எல்லாம் தீண்டத்தகாதோருக்கும் உரியவை. அந்த உரிமையோடுதான் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் மகத் குளத்தில் இறங்கினார். எதிர்த்தவர்கள் நீதிமன்றத்தில் என்ன வாதாடினார்கள் தெரியுமா? அது பொதுக்குளமே அல்ல, தங்கள் தனிச்சொத்து என்று. 1937இல்தான் உயர்நீதிமன்றத்தில் அவர்களின் வழக்கு தோற்றது.

என் காரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பழைய ஆல்டோ, இரண்டாம் கைக்கு வாங்கியது. "பெருசா ஒண்ணு வாங்கி ஊர்த்தெருவுல ஓட்டுண்ணே, அதுவும் அரசியல்தான்" என்கிறான் சித்தப்பா மகன். அவனை நான் கேலி செய்யமாட்டேன். ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தவர் என் அப்பா. பெரிய கார் மேல் எனக்கும் ஆசை உண்டு, பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த மாதத் தவணைக்கு ஆகக்கூடிய பணம் எங்கள் தெருவின் மாலை நேரப் படிப்பகத்துக்குப் போகிறது.

அதிலும் ஒரு முள் உண்டு. போன வருடம் ஒரு பிள்ளை, "அண்ணன் தயவுலதான் படிக்கிறோம்" என்று மேடையில் சொன்னது. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அந்த உதவித்தொகை வரிசை ஞாபகம் வந்தது. கல்வெட்டில் பெயர் போட்டுக்கொண்ட நண்பருக்கும் எனக்கும் எவ்வளவு தூரம்?

நம் மாநிலத்தில் வீட்டுவரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் வசூலிக்கிறார்கள். எங்கள் தெருவும் கட்டுகிறது. நூலகம் இருப்பது ஊர்த்தெருவில். இந்த மாதம் வீடு வீடாகப் போய் வரி ரசீதுகளை நகலெடுத்தோம். சேரியில் ஒரு கிளை நூலகம் கேட்டு எழுதிய மனுவோடு அவற்றை இணைத்திருக்கிறோம். 'தயவுகூர்ந்து' என்று தொடங்கியிருந்ததை அந்தப் பிள்ளையே அடித்துவிட்டது. திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கிறோம். வரமுடிந்தவர்கள் வாருங்கள்.