தொண்ணூறு ஓட்டு



"மணிப்பூர் எங்கேயோ ஒரு மூலை, அதைப் பற்றி மதுரையில் என்ன பேச்சு?" என்று போன வாரம் இன்னொரு மேடையில் ஒருவர் கேட்டிருக்கிறார். சிரிக்காதீர்கள், உடனே போய்ச் சொல்லிவிடுவார்கள்.

ஐயா, அந்த மூலையில் மோரே என்று ஓர் ஊர். இம்பாலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் மலையேறி இறங்கினால், பர்மா எல்லை. அங்கே நம்ம அங்காள பரமேசுவரி கோயில் கொண்டிருக்கிறாள்! 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடை கண்ணியெல்லாம் அரசுடைமை. ரங்கூனில் வாழ்ந்த நம்ம ஜனம் வெறுங்கையோடு கப்பலேறியது. இங்கே வந்து பிழைக்க வழி தெரியாத சிலர், பிறந்த மண்ணுக்கே திரும்புவோம் என்று தரைவழியாகப் புறப்பட்டார்கள். பர்மா கதவைத் திறக்கவில்லை. எல்லையிலேயே அடுப்பு மூட்டினார்கள். தமிழ்ச் சங்கம் கண்டார்கள்! அந்தக் கடைத்தெருவில் குக்கியும் மெய்தியும் நேபாளியும் முஸ்லிமும் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்களாக இருந்தார்கள். 2023 கலவரத்தில் அந்த மோரேயும்தான் எரிந்தது. நம்ம பெரிய மனிதருக்கோ தெருமுனை தாண்டினால் எல்லாமே வெளிநாடு!

சரி, அவரை விடுங்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

2023 மே 3ஆம் தேதி கலவரம் வெடித்தது என்று எழுதுகிறார்கள். அன்றைக்கா வெடித்தது? மெய்தி வாழும் பள்ளத்தாக்கு, மணிப்பூர் நிலத்தில் பத்தில் ஒரு பங்கு. ஜனமோ பாதிக்கு மேல். 60 சட்டமன்ற இடத்தில் 40 அங்கே, 20 மலைக்கு. மலையில் நிலம் வாங்க முடியவில்லை, எங்களையும் பழங்குடிப் பட்டியலில் சேர் என்கிறான் மெய்தி. சேர்த்தால் என் மலை போச்சு என்கிறான் குக்கி. மெய்தியின் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொல்லி மார்ச் 27இல் உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. ஏப்ரல் கடைசியில், முதலமைச்சர் திறக்க வேண்டிய உடற்பயிற்சிக் கூடத்தையே சுராசாந்த்பூரில் கொளுத்தினார்கள். அப்போதாவது இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் ஒரே பாயில் உட்கார வைத்திருக்க வேண்டாமா? அந்த உத்தரவில் அப்படிச் சொன்ன பத்தியை அதே நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் நீக்கிவிட்டது. 250க்கு மேல் உயிர் போயிற்றே, அதை எந்த நீதிமன்றம் நீக்கும்?

டில்லியில் கொலையான ஒரு பெண்ணின் படத்தை மணிப்பூர்ப் பெண் என்று கைபேசியில் பரப்பினான் ஒரு பாவி. அரசாங்கம் இணையத்தை மூடியது. எப்போது? வதந்தி ஊரைச் சுற்றிய பிறகு! பொய் தப்பித்து ஓடிவிட்டது, உண்மைதான் உள்ளே மாட்டிக்கொண்டது. மே 4இல் குக்கிப் பெண்களை ஆடையின்றி நடக்க வைத்த அக்கிரமம் நாட்டுக்குத் தெரிந்தது ஜூலை 19இல்!

இங்கேதான் எனக்கு மணிப்பூர்த் தங்கச்சி ஒருத்தி ஞாபகம் வருகிறது. மேடைக்காரர் பெயரைச் சொன்னால் அவருக்கு விளம்பரம். இந்தத் தங்கச்சி பெயரைச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைக்கும். 2000 நவம்பரில், பேருந்துக்கு நின்ற பத்துப் பேரை அசாம் ரைபிள்ஸ் சுட்டதும் சாப்பாட்டைத் தள்ளி வைத்தவள். 16 வருஷம்! மூக்கில் குழாய்! ஆயுதப் படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை எடு என்று கேட்டாளே, மலைக்காரனை விட்டுவிட்டா கேட்டாள்? அவள் மெய்தி. அந்தச் சட்டத்தில் அடிபட்டவன் மலையிலும் இருந்தான், பள்ளத்தாக்கிலும் இருந்தான். இரண்டு பக்கமும் போய்ப் பேச ஒரு வாய் இருந்தது ஐயா! 2017இல் தேர்தலில் நின்றாள். எத்தனை ஓட்டு தெரியுமா? தொண்ணூறு! கொடைக்கானலுக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டாள். நம்ம மலைதான் இடம் கொடுத்தது.

முதலமைச்சர் பதவி விலகினார், 2025 பிப்ரவரியில். கலவரம் தொடங்கி ஒன்றே முக்கால் வருஷம் கழித்து! அதற்குள் அறுபதாயிரம் பேர் வீடு இழந்தாயிற்று. நடுவில் படையை நிறுத்தி, இவன் அங்கே போகாதே, அவன் இங்கே வராதே என்று கோடு போட்டாயிற்று. கோட்டைக் காவல் காக்கக் காசு இருக்கிறதல்லவா? அதில் கொஞ்சம் எடுத்து, ஊருக்கு ஊர் இரண்டு பக்கத்துப் பெண்களையும் வைத்து ஒரு குழு போடுங்கள். வாரம் ஒரு தடவை கூடட்டும். வதந்தி வந்தால் ஒருத்திக்கு ஒருத்தி கூப்பிட்டுக் கேட்கட்டும். சம்பளம் கொடுங்கள்!

ஆள் கிடைக்கவில்லை என்பார்கள். அந்தத் தொண்ணூறு பேர் யார் என்று தேடிப் பிடித்து, அவர்களை முதலில் உட்கார வையுங்கள்!