வாசம் அந்த வாசம்தானே!

(மதுரை செல்லூரில் தெருமுனைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை, ஏட்டிற்காக எழுத்து வடிவில்)

அன்று மேடைக்கு எதிரே அமர வாய்ப்பின்றி, இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு கையில் தேநீரும் மறு கையில் ஏடுமாய் அமர்ந்திருக்கும் அருமைத் தோழனே!

"இன்றைய பேச்சின் பொருள், செடியில் விளையும் கறி" என்று நான் தொடங்கியதும் கூட்டத்தில் குபீரென்று சிரிப்பெழுந்தது. முன்வரிசையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "அதுல நல்லி எலும்பு கிடைக்குமா தம்பி?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு நான் பேச்சைத் தொடர ஐந்து நிமிடம் ஆயிற்று. சிரிக்கத்தக்க பொருள்தான். நானும் சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்த பிறகு அந்தக் கூட்டத்திற்கு ஒரு கதை சொன்னேன். அதை உனக்கும் சொல்கிறேன், கேள்.

கல்லூரிப் படிப்பை நடுவழியில் விட்டுவிட்டு, நாடகம் நாடகம் என்று நான் ஊர்சுற்றிய காலம். மதுரையில் வாடகைக்கு வீடு தேடினேன். வேலை என்ன என்று கேட்பார்கள், வருவாய் என்ன என்று கேட்பார்கள், நாடகக்காரன் என்றால் முகம் சுளிப்பார்கள் என்றெல்லாம் விடைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவற்றில் எதையும் கேட்டாரில்லை வீட்டுக்காரர். "தம்பி, நீங்க சைவமா?" என்றார். வாசலில் தொங்கிய அட்டையைத் திரும்பிப் பார்த்தேன். "சைவத்துக்கு மட்டும்" என்று எழுதியிருந்தது. "இங்கே இருக்கிற வரையில் சமைக்கமாட்டோம் ஐயா" என்று வாக்களித்தேன். வாக்கைக் கொடுத்தவன் நான். காப்பாற்றியவர் என் தாய். ஞாயிறு வரும், தெருவெல்லாம் மணக்கும், எங்கள் வீட்டில் மட்டும் கத்தரிக்காய் வதங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாய்க்கு மனம் பொறுக்கவில்லை. கடையில் மீல் மேக்கர் வாங்கிவரச் சொன்னார். கொதிநீரில் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, மிளகும் சீரகமும் சோம்பும் பட்டையும் கிராம்பும் வறுத்து அம்மியில் அரைத்து, சின்ன வெங்காயம் கொட்டி, நல்லெண்ணெயில் சுக்கா வறுக்கும் அதே பக்குவத்தில் வறுத்தார். இலை போட்டு உட்காரவில்லை, கதவு தட்டப்பட்டது.

"என்ன தம்பி, கறி வாசம் வருது?"

"கறியில்லீங்க ஐயா, மீல் மேக்கர். வந்து பாருங்க."

அவர் உள்ளே வரவில்லை. வாயிற்படியில் நின்றபடியே சொன்னார்: "அது எதுவா இருந்தா என்ன தம்பி, வாசம் அந்த வாசம்தானே!"

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தோம். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே என் தாய் கேட்டார்: "கறி தின்னாலும் குத்தம், தின்னாட்டியும் குத்தமாடா?" மேடையில் மணிக்கணக்காய் வசனம் பேசுகிறவன் நான். அன்று எனக்கு வசனமே வரவில்லை.

செடிக்கறியைப் பற்றிப் பட்டணத்து அறிஞர்கள் எழுதும் கட்டுரைகளில், "மக்கள் ஏற்பார்களா, சுவை ஒத்துவருமா, விலை கட்டுமா" என்ற ஆராய்ச்சி நிறைய உண்டு. வாயிற்படியில் நின்று மோப்பம் பிடித்த அந்த மூக்கைப் பற்றிய ஆராய்ச்சி மட்டும் இல்லை. அந்த மூக்கைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

முதலில் பொருளுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். சோயா மொச்சையில் எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் மாவை, வெப்பமும் அழுத்தமும் கொடுத்துச் சிறு துளை வழியே தள்ளினால், அது வெளியே வந்ததும் பஞ்சுபோல் உப்பி, உள்ளே நார்நாராய் நிற்கும். 1960-களில் அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் இதனைப் பெருமளவில் செய்து சந்தைக்கு விட்டது. பின்னர் நம் நாட்டிலும் ஆலைகள் வந்தன. மீல் மேக்கர் என்ற விற்பனைப் பெயரே நம் தாய்மார்கள் நாவில் பொருளின் பெயராகி நிலைத்துவிட்டது. உலர்ந்த 100 கிராமில் ஏறத்தாழ 50 கிராம் புரதம்! ஆட்டுக்கறிக்கு ஏங்கும் அடுப்பிலே அது எளிதாய் இடம்பிடித்ததில் வியப்பென்ன?

இதற்காக எவரும் இயக்கம் நடத்தவில்லை. ஆணை பிறப்பிக்கவில்லை. தாய்மார்கள் சுவைத்துப் பார்த்தார்கள், சேர்த்துக்கொண்டார்கள். குருமாவில் போட்டார்கள், பிரியாணியில் போட்டார்கள். வாழைப்பூவைக் கோலா உருண்டையாக்கியவர்கள், வாழைக்காயை மீன் துண்டம்போல் சீவி மசாலா தடவி வறுத்தவர்கள் அவர்கள். அந்தக் கைகளுக்கு மீல் மேக்கர் ஒரு பெரிய காரியமா? புரட்டாசிச் சனிக்கிழமையில் ஆட்டுக்கறியை ஒதுக்கும் குடும்பம் தானே விரும்பி இதை ஆக்கி உண்கிறது. கடல் கடந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன நம் தமிழர்கள், சீனர்களின் பௌத்த மடப்பள்ளி வழிவந்த கோதுமைப் பசையக் கறியையும் சோயாக் கறியையும் கண்டு, அதிலே நம் மசாலாவை ஏற்றி, புரட்டாசியில் "சைவ ஆட்டுக்கறி"யே ஆக்கிவிட்டார்கள்!

மொழியைப் பார். "கறி" என்றால் மதுரைக்காரனுக்கு ஆட்டுக்கறி. ஆனால் அதே நாவு "காய்கறி" என்றும் சொல்கிறது. ஈழத்துத் தமிழன் "மரக்கறி" என்கிறான். சங்கப் புலவனுக்கோ கறி என்றால் மிளகு. ஒரே சொல்லுக்குள் மிளகும் காயும் இறைச்சியும் சண்டையின்றிக் குடியிருக்கின்றன; எந்த வீட்டுக்காரரும் வந்து கதவைத் தட்டவில்லை. சண்டை எந்தச் சொல்லில் தொடங்குகிறது தெரியுமா? "அசைவம்" என்ற சொல்லில். 2014-ஆம் ஆண்டு இந்தியத் தலைமைப் பதிவாளர் நடத்திய மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 97 விழுக்காட்டுக்கு மேல் புலால் உண்பவர் என்று கண்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்குச் சொந்தமாய் ஒரு பெயர் இல்லை! எஞ்சிய மூவருக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு முன்னே ஓர் "அ" போட்டு மற்றவரை அழைக்கிறோம். "அல்லாதார்" என்று அழைக்கப்படுவதன் சுவை நம் இயக்கத் தோழர்களுக்குத் தெரியாததன்று.

கிழக்கே கீழடிக்குப் போய்ப் பார். மதுரையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. 2019-இல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, அங்கே மாடு, ஆடு, காட்டுப்பன்றி, மான், மயில் ஆகியவற்றின் எலும்புகள் கிடைத்ததையும், சிலவற்றில் வெட்டுத் தழும்புகள் இருந்ததையும் கூறுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இந்த வைகைச் சமவெளியில் கறிக்குழம்பு கொதித்திருக்கிறது. அதே சமவெளியில் மேற்கே திரும்பினால் கீழக்குயில்குடியின் சமணர் மலை. ஓர் உயிரையும் கொல்லேன் என்று கல்லிலே படுத்து நோன்பிருந்தவர்களின் குன்று. இரண்டும் நம்முடையவை. கொல்லாமை நோற்றவரை நான் ஏளனம் செய்யேன். தன் நாவைத் தான் அடக்குபவன் துறவி. அடுத்தவன் அடுப்பை அடக்க வருபவனைத்தான் எனக்குப் பிடிப்பதில்லை.

அடக்க வந்தால் என்ன ஆகும் என்பதை நாம் கண்டோமே! 1950-இல் இயற்றப்பட்டு ஏட்டில் உறங்கிக்கிடந்த விலங்கு, பறவை பலியிடல் தடைச் சட்டத்தை 2003-இல் தட்டி எழுப்பினார்கள். கோயில் எல்லைக்குள் கிடாய் வெட்டக் கூடாது என்று ஆணை பறந்தது. பாண்டி முனீசுவரருக்கும் அய்யனாருக்கும் கருப்பணசாமிக்கும் கிடாய் நேர்ந்துவிட்ட குடும்பங்கள் திகைத்தன. பலியிடலை நான் வழிமொழிய வரவில்லை. பகுத்தறிவுப் பாசறையில் வளர்ந்தவன் நான். ஆனால் அந்தக் கிடாய், சாமி பெயரால் ஊரே கூடி உண்ணும் விருந்தல்லவா! ஆண்டுக்கு ஒருமுறை வயிறார உண்ணும் ஏழையின் இலையல்லவா! திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டியில் முனியாண்டி கோயில் திருவிழாவன்று விடிய விடிய ஆக்கும் பிரியாணியே அருட்சோறாய் வழங்கப்படுகிறதே, அந்த ஊர்க்காரர்கள் நடத்தும் உணவகங்கள்தாமே அந்தச் சாமியின் பெயரைத் தென்னாடெங்கும் பலகையில் ஏற்றின! ஊர் முணுமுணுத்தது, பிறகு உறுமியது. 2004-இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. மாற்றிச் சமை என்று அடுப்பிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆணையிட்டால் அடுப்பு கேட்பதில்லை.

இப்போது புதிய கறி வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2009-இல் பியாண்ட் மீட், 2011-இல் இம்பாசிபிள் ஃபுட்ஸ் என்று நிறுவனங்கள் கிளம்பின. பின்னது, சோயா வேரிலுள்ள ஒரு செந்நிறப் புரதத்தை ஈஸ்டில் வளர்த்தெடுத்து, கறியில் இரத்தம் கசிவதுபோலவே காட்டுகிறது. வேடம் கட்டும் தொழில் எனக்கும் உண்டு. இந்த ஒப்பனையைக் கண்டு நானே கைதட்டினேன்! இந்தியாவிலும் உதயப்பூரில் குட்டாட் வந்தது. நடிகர் ரித்தேஷ் தேஷ்முக்கும் ஜெனிலியாவும் 2021-இல் இமேஜின் மீட்ஸ் தொடங்கினார்கள். 2022-இல் விராட் கோலி இணையர் புளூ டிரைப் நிறுவனத்தில் முதலிட்டார்கள். உறைபனிப் பெட்டியில் வரும் இந்தக் கறி, எடைக்கு எடை பார்த்தால் கோழிக்கறியைவிட விலை கூடியது. கால் கிலோ கோழியில் குடும்பமே உண்ணும் நெல்பேட்டைத் தாய், இதை எதற்கு வாங்க வேண்டும்? மாலையில் வண்டிக்கடையில் காளான் வறுவலை வரிசையில் நின்று வாங்கி உண்கிறானே நம் இளைஞன், அவனா செடிக்குப் பகைவன்? அமெரிக்காவிலேயே ஆரவாரம் அடங்கிவிட்டது. 2019 மே மாதம் 25 டாலருக்குச் சந்தைக்கு வந்த பியாண்ட் மீட் பங்கு, சூலையில் 200 டாலரைத் தாண்டியது. 2023 முடிவில் 10 டாலருக்குக் கீழே கிடந்தது.

புவி சூடாகிறதே, கால்நடையும் ஒரு காரணமாமே என்று கேட்பாய். ஆம், உண்மை. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல், மனிதச் செயலால் வெளியாகும் வெப்பவளிகளில் 14.5 விழுக்காடு கால்நடைத் துறையினது என்று கணக்கிட்டது. மறுக்கவில்லை. ஆனால் யாருடைய தட்டு அது? அமெரிக்கருக்கு ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் இறைச்சி. இந்தியருக்குப் பத்துக் கிலோவும் இல்லை. பெருந்தீனிக்காரனுக்கு மருத்துவர் எழுதிய பத்தியச் சீட்டை, பட்டினிக்காரன் கையில் திணிக்கலாமா?

தோழனே, நகைப்பு போதும். வாயிற்படியில் நின்ற அந்த மூக்கு இப்போது பள்ளிக்கூடத்துக் கதவருகே வந்து நிற்கிறது.

சோயா விளைச்சலில் முன்னணியில் நிற்பது மத்தியப் பிரதேசம். அங்கே 2015-இல், அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கும் திட்டத்தை முதலமைச்சர் சிவராஜ் சிங் சவுகானே தடுத்து நிறுத்தினார். கருநாடகத்தில் 2021-இல் வடகிழக்கு மாவட்டப் பள்ளிகளுக்கு முட்டை வந்தபோது மடாதிபதிகள் சிலர் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் சொல்லும் வாதத்தைக் கவனி: "புரதம்தானே வேண்டும்? சோயா கொடுங்கள், பருப்பு கொடுங்கள், முட்டை எதற்கு?" பார்த்தாயா! நம் தாயின் மீல் மேக்கரை நம் குழந்தையின் முட்டைக்கு எதிராகவே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள்!

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வோம். சோயாவில் புரதம் உண்டு, மறுப்பில்லை. இரும்பும் உண்டு, ஆனால் அதிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் அந்த இரும்பை உடல் எளிதில் ஏற்கவிடாது. பி12 என்னும் உயிர்ச்சத்து செடியில் இல்லவே இல்லை, முட்டையில் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினர் குருதிச் சோகை உள்ளவர்கள். முட்டை ஒன்றே அதைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நூற்றுக்கு ஐம்பத்தேழு பிள்ளைகள் வெளுத்து நிற்கும் நாட்டில், இருக்கிற முட்டையையும் எடு என்பவனை என்னவென்று அழைப்பது?

தமிழகம் இந்த வழக்கைத் தன் தட்டிலேயே தீர்த்துவைத்திருக்கிறது. 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாய் விரிந்தது. 1989-இல் கலைஞர் ஆட்சியில் அதில் முட்டை புகுந்தது. இரு வாரத்துக்கு ஒன்றாய்த் தொடங்கி, 2010-இல் வாரம் ஐந்து ஆயிற்று. 2022 செப்டம்பர் 15-இல் இதே மதுரை மாநகரின் பள்ளியொன்றில்தான் காலை உணவுத் திட்டத்தையும் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். ஆட்சிகள் மாறின, அடுப்பு அணையவில்லை. கலவைச் சோற்றுப் பட்டியல் வந்த பிறகு, அதில் ஒரு நாளைக்கு மீல் மேக்கரும் காய்கறியும் கலந்த சோறு. அதே தட்டில் மிளகு தூவிய முட்டை! செடியும் முட்டையும் தோளோடு தோள் உரசிக்கொண்டு அமர்ந்திருக்கின்றன. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. எந்தப் பிள்ளையையும் எவரும் எழுப்பிவிடவில்லை.

கூட்டம் முடிந்து இறங்கியபோது, நல்லி எலும்பு கேட்ட பெரியவர் என் கையைப் பற்றிக்கொண்டார். "தம்பி, எங்க வீட்டு மேலே ஒரு அறை காலியா இருக்கு. அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க. என்ன வேணா ஆக்கிக்கங்க, எனக்கும் ஒரு கிண்ணம் கொடுங்க" என்றார். இந்த வரியை நான் நாடகத்தில் எழுதியிருந்தால் செயற்கை என்று நீயே சொல்லியிருப்பாய்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன், தோழனே. இந்த வாரம் ஒரு நாள் நண்பகலில் உன் ஊர்ப் பள்ளியின் சத்துணவுக் கூடத்துக்குப் போ. சோறு வெந்திருக்கிறதா என்று பார். முட்டை எல்லாப் பிள்ளைக்கும் வந்ததா, அழுகலின்றி வந்ததா என்று எண்ணிப் பார். முட்டை வேண்டாமென்ற பிள்ளைக்கு வாழைப்பழம் வந்ததா என்றும் மறவாமல் கேள்.